மேலே எழும்பாத பந்து

பேஸ்பால் பார்க்கத் தொடங்கிய புதிதில், பிட்ச்சர் எறியும் பந்தெல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது. ஹோம் ரன் பறந்தால் கைதட்டுவேன், அவ்வளவுதான். அப்புறம் யேல் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராபர்ட் அடேர் இந்த ஆட்டத்தின் இயற்பியலைப் பற்றி எழுதிய புத்தகம் கைக்கு வந்தது. அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகின் தலைவராக இருந்த பார்ட் ஜியாமட்டி கேட்டுக்கொண்டதால் அவர் எடுத்துச் செய்த வேலை அது. அதைப் படித்த பிறகு என் கண் பந்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது.

முழு வேகத்தில் எறியும் ஃபாஸ்ட்பால் கடைசி நேரத்தில் மேலே எழும்புகிறது என்று பேட்டர்கள் காலங்காலமாகச் சொல்வார்கள். எழும்பாது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் கையை விட்டுக் கிளம்பும் பந்து சுமார் 0.4 விநாடியில் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு வந்துவிடும், அதற்குள் புவியீர்ப்பு அதைக் கிட்டத்தட்ட 80 செ.மீ. கீழே இழுத்திருக்க வேண்டும். ஆனால் பிட்ச்சர் பந்தை விடும்போது விரல் நுனியால் தையலைக் கீழே இழுத்துவிடுகிறார், பந்து பின்பக்கமாகச் சுழல்கிறது, நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கும் மேல். சுழலும் பந்து தன்னை ஒட்டி ஓடும் காற்றையும் கூடவே இழுப்பதால், பின்னால் பிரியும் காற்று கீழ்நோக்கித் திரும்புகிறது. பந்து காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தை மேலே தள்ளுகிறது. மேக்னஸ் விசை என்பது இதுதான். நல்ல ஃபாஸ்ட்பாலில் அந்த இறக்கத்தில் பாதியை இது குறைத்துவிடும்.

பேட்டை வீசி முடிக்கவே 0.15 விநாடி வேண்டும் என்பதால், பந்து பாதி வழியில் இருக்கும்போதே அது எங்கே வரும் என்று பேட்டரின் மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தக் கணக்கைவிட நாலு விரற்கடை குறைவாக இறங்கினால் போதும், எழும்பியது போலவே தெரியும்!

வளைந்து இறங்கும் கர்வ்பாலில் சுழற்சி முன்பக்கமாக, விசை கீழ்நோக்கி. கிரிக்கெட்டில் ஸ்பின்னர் பந்து சட்டென்று 'டிப்' ஆகுமே, அதே சங்கதி. பிட்ச்சர் கிளேட்டன் கெர்ஷாவின் கர்வ்பால் தலை உயரத்தில் மிதந்து வந்து முழங்கால் அருகே விழுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் காற்று அடர்த்தி குறைவு, அதனால் அங்கே எந்த கர்வ்பாலும் அவ்வளவு வளையாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நக்கிள்பால். சுழற்சி அநேகமாக இல்லை, வழியில் ஓரிரு சுற்றுதான். பந்து மெல்லத் திரும்பத் திரும்ப, புடைத்திருக்கும் சிவப்புத் தையல் இடம் மாறி, காற்று பிரியும் இடத்தையும் மாற்றுகிறது, தள்ளும் திசையும் கூடவே மாறுகிறது. எங்கே போகும் என்று எறிந்தவருக்கே தெரியாது. பாஸ்டன் ரெட் சாக்ஸில் டிம் வேக்ஃபீல்ட் எறிந்த நக்கிள்பாலைப் பிடிக்க 2006-ல் புது கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) திண்டாடிப்போனார். அணி பழைய கேட்சர் டக் மிராபெல்லியை சான் டியாகோவிலிருந்து திரும்ப வாங்கியது. விமானம் இறங்கியதும் போலீஸ் பாதுகாப்போடு காரில் ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு விரைந்த அவர், வண்டியிலேயே சீருடை மாற்றிக்கொண்டு, அன்றைக்கே யாங்கீஸுக்கு எதிராக வேக்ஃபீல்டின் முன் போய் உட்கார்ந்தார்.