மேக்னட்ல ஒட்டலன்னா ஒரிஜினல் ஆயிடாதுங்க

இந்த மாசத்துல இது மூணாவது ஆள். ஆன்லைன்ல வாங்குன சின்ன வெள்ளிக்காசு, ஒரு பக்கம் நாக்க நீட்டி முழிக்கிற கோர்கன் (கிரேக்கக் கதைல வர்ற அரக்கி) மூஞ்சி, மறுபக்கம் நங்கூரம். "சார், மேக்னட் வச்சுப் பாத்துட்டேன், ஒட்டவே இல்ல, அப்ப ஒரிஜினல்தானே?"ன்னு கேக்குறாரு. பழங்காசு பாத்துச் சொல்றதுதான் என் தொழில், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஓஞ்சு போயிட்டேன்.

இது அப்பொல்லோனியா பொன்டிகா காசு. இன்னைக்கு பல்கேரியாவுல கருங்கடல் ஓரம் இருக்குற சோசொப்போல்தான் அந்த ஊரு. கி.மு. 610 வாக்குல மிலேட்டஸ்ங்கிற பழைய ஊர்லேர்ந்து வந்த கிரேக்கர்கள் குடியேறி, கும்புட்ட சாமி அப்பொல்லோ பேரையே ஊருக்கு வச்சாங்க. துறைமுக ஊரு, அதான் காசுல நங்கூரம். அங்க காலமிஸ்ங்கிற கிரேக்கச் சிற்பி செஞ்ச 30 முழ உயர அப்பொல்லோ சிலை ஒண்ணு இருந்துச்சு, கி.மு. 72ல ரோமானியத் தளபதி மார்கஸ் லுகுல்லஸ் ஊரைப் பிடிச்சு அதை ரோமுக்கே தூக்கிட்டுப் போயிட்டாரு. சிலை போச்சு, அந்த ஊர் அச்சடிச்ச காசுதான் இப்ப உலகம் பூரா சுத்துது, கூடவே போலியும்.

மேக்னட் விஷயத்துக்கு வரேன். வெள்ளி காந்தத்துல ஒட்டாது, சரி. செம்பு ஒட்டுமா? ஈயம், வெள்ளீயம், பித்தளை? எதுவும் ஒட்டாதுங்க. ஒட்டுனா போலின்னு சொல்லலாம், ஒட்டலன்னா ஒண்ணுமே சொல்ல முடியாது. அதோட நல்ல போலி செய்றவன் அசல் வெள்ளியிலயே செய்றான், எடையும் மூணு கிராம் பக்கத்துல சரியா வரும். 1980கள் கடைசியில 'கருங்கடல் புதையல்'னு அப்பொல்லோனியா, அதே கடலோரத்துல இருந்த மெசெம்பிரியா, இந்த ரெண்டு ஊர் சில்லறைக் காசுகள் மார்க்கெட்டுக்கு வந்துச்சு, வெள்ளிதான், அச்சுல அடிச்சதுதான், நிபுணர்களே ரெண்டு பட்டு சண்டை போட்டாங்க, கடைசியில எல்லாம் இந்தக் காலத்து அச்சுன்னு முடிவாச்சு. நிபுணர்களையே திணறடிச்ச இடத்துல ஃப்ரிட்ஜ் மேக்னட் என்ன பண்ணும்?

வாங்குறதுக்கு முன்னாடி அதே மாதிரிக் காசு நாலஞ்சு போட்டோ தேடிப் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரே அச்சுல அடிச்சாலும் கையால அடிச்ச காசுல விளிம்பும் வெடிப்பும் ஒண்ணுக்கொண்ணு மாறும், ரெண்டு காசுல அதே இடத்துல அதே கீறல், அதே விளிம்புன்னா உருக்கி ஊத்துன வார்ப்புப் போலிதான், பணத்தக் கொடுக்காதீங்க. விளிம்பச் சுத்தி வார்ப்புக் கோடு இருக்கான்னு லென்ஸ்ல பாருங்க. சீலர் குடுக்குற சர்டிபிகேட்ட மட்டும் நம்பாதீங்க, அது அவன் பிரிண்டர்ல வந்தது. யார்கிட்டேர்ந்து எந்த வருஷம் கை மாறுச்சுன்னு கேளுங்க, பதில் வரலன்னா விட்டுடுங்க.

தயவுசெஞ்சு இன்னொண்ணு. "இப்பதான் மண்லேர்ந்து எடுத்தது, மண்ணு கூட ஒட்டியிருக்கு"ன்னு விக்கிறதைப் பாத்து மயங்காதீங்க. அது பொய்யா இருந்தா உங்க பணம் போச்சு. நிஜமா இருந்தா, அங்க யாரோ ராத்திரில மெட்டல் டிடெக்டரோட போய் ஒரு கல்லறையத் தோண்டியிருக்கான். எந்தக் குழியில, எந்தப் பானையோட, யார் எலும்புக்குப் பக்கத்துல அது கிடந்துச்சுன்னு இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.