ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்: தமிழில் என்ன சொல்வது?

‘விடு மச்சி, ஸ்போர்ட்டிவா எடுத்துக்கோ’ என்பது கல்லூரி விடுதிகளில் அடிக்கடி காதில் விழும் வசனம். ஒருவனைக் கூட்டமாகச் சேர்ந்து ஓட்டிவிட்டு, அவன் முகம் சுருங்கும்போது சொல்வது. கோபப்படாதே, அவ்வளவுதான் பொருள். நம்மிடம் வந்த ‘ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்’ இப்படிப் பாதியாகச் சுருங்கிவிட்டது. தோல்வியையும் கேலியையும் பொறுத்துக்கொள்வது அதில் ஒரு பகுதிதான். ஜெயிக்கும்போது எப்படி நடந்துகொள்கிறாய் என்ற பெரிய பகுதி விட்டுப்போனது.

நாளிதழ்கள் இதை ‘விளையாட்டு மனப்பான்மை’ என்று எழுதுகின்றன. எனக்கு இது ஒட்டவில்லை. ‘விளையாட்டுப் பிள்ளை’, ‘விளையாட்டுத்தனம்’, ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்றெல்லாம் பேசுகிற மொழியில், ஒரு மாணவனுக்கு விளையாட்டு மனப்பான்மை இருக்கிறது என்றால் அவன் அப்பா கவலைப்படத்தான் செய்வார்.

அந்தப் பொருள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டதும் அல்ல. தொல்காப்பியம் உவகை பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாக விளையாட்டைச் சொல்கிறது: ‘செல்வம் புலனே புணர்வு விளையாட்டு’. ஆங்கில ‘ஸ்போர்ட்’டும் பிறந்த இடத்தில் அதே ஜாதிதான். பழைய பிரெஞ்சின் ‘தெஸ்போர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மனத்தை வேலையிலிருந்து அப்பால் கொண்டுபோவது, அதாவது பொழுதுபோக்கு. நெறி, நேர்மை எதுவும் அதில் இல்லை.

அது நடுவழியில் ஏறியது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘ஸ்போர்ட்ஸ்மேன்’ என்றால் பந்தாடுபவர் அல்ல, வேட்டைக்காரர். வேட்டைத் திறமைதான் முதலில் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப். உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடக்கூடாது, பறக்கவிட்டுத்தான் சுட வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் அந்தக் கனவான்களிடம் இருந்தன. எதிரிக்கும் ஒரு வாய்ப்பு கொடு என்ற எண்ணம் பிறகு பள்ளி மைதானங்களுக்கும், அங்கிருந்து ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கும் போனது. அந்த இரண்டுக்கும் இடையே முதல் படகுப் போட்டி 1829இல் நடந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டும் யேலும் 1852இல் படகில் மோதின. ஆட்டம் மாணவரின் குணத்தைக் கட்டும் என்ற நம்பிக்கை அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு கொள்கையாகவே வளர்ந்தது.

நம்பிக்கை வேறு, நடப்பு வேறு. 1905இல், பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி ஆட்டங்களில் மாணவர்கள் செத்துப்போகும் அளவுக்கு முரட்டுத்தனம் முற்றி, அதிபர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிகளை அழைத்துப் பேச வேண்டிவந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும், இன்று என்.சி.ஏ.ஏ. எனப்படும் அமைப்பு பிறந்ததற்குக் காரணம் அந்தக் கலவரம்தான்.

அந்த ஆட்டத்திலிருந்தே சொல்லுக்கு நல்ல எடுத்துக்காட்டும் கிடைக்கிறது. 10 கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள். 1940 நவம்பர் 16 அன்று டார்ட்மத் கல்லூரி 3-0 என முன்னிலையில் இருந்தது. எதிரே, நெடுநாளாகத் தோல்வியே காணாத கார்னெல். கடைசி நொடிகளில் நடுவர் கணக்குத் தவறி, கார்னெலுக்கு ஐந்தாவது முயற்சி கிடைத்துவிட்டது. அதில் பந்தை எல்லைக்குக் கொண்டுபோய் 7-3 என வென்றார்கள். பிறகு ஆட்டத்தின் படச்சுருளைப் போட்டுப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. முடிந்த ஆட்டத்தை மாற்ற நடுவருக்கு அதிகாரம் இல்லை. கார்னெல் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. அவர்கள் டார்ட்மத்துக்குத் தந்தி அடித்து வெற்றியை விட்டுக்கொடுத்தார்கள். ஏடுகளில் இன்றும் டார்ட்மத் 3, கார்னெல் 0.

அப்படியே இன்னொன்று 1990இல் நடந்தது. கொலராடோ ஐந்தாவது முயற்சியில் மிசூரியை 33-31 என வென்றது. திருப்பித் தரவில்லை. அந்த ஆண்டு தேசிய சாம்பியன் பட்டத்திலும் பங்கு வாங்கிக்கொண்டது. விதிப்படி குற்றமில்லை என்பதுதான் இங்கே சங்கடம். விதி முடியும் இடத்தில்தான் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்புக்கு வேலையே ஆரம்பிக்கிறது.

2008 ஏப்ரலில் நடந்த ஒரு பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்றது) கல்லூரி ஆட்டம் இன்னும் ஒரு படி மேல். வெஸ்டர்ன் ஓரிகன் வீராங்கனை சாரா டக்கோல்ஸ்கி பந்தை வேலிக்கு வெளியே அடித்தார். சந்தோஷத்தில் முதல் தளத்தை மிதிக்காமல் ஓடி, அதை மிதிக்கத் திரும்பியபோது முழங்கால் பிசகி விழுந்தார். தளங்கள் அனைத்தையும் தொட்டால்தான் ஓட்டம் முழுதாகச் சேரும்; சொந்த அணியினர் தூக்கிவிடக்கூடாது என்றது நடுவர் தரப்பு. எதிரணியான சென்ட்ரல் வாஷிங்டனின் மல்லரி ஹோல்ட்மன், ‘நாங்கள் தூக்கலாமா?’ என்று கேட்டார். தடையில்லை. அவரும் லிஸ் வாலஸும் சாராவைத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு தளத்திலும் தாழ்த்தி அவர் காலைத் தொடவைத்தார்கள். 4-2 என்று தோற்றது தூக்கிச் சென்ற அணி.

இதற்குத் தமிழில் சொல் தேடினால் திருக்குறளில், அதுவும் ‘படைச்செருக்கு’ அதிகாரத்தில் கிடைக்கிறது: ‘பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு’. பகைவரை அஞ்சாமல் எதிர்ப்பது பேராண்மை. அவருக்கு ஒரு துன்பம் வந்தால் உதவுவது அதன் கூர்மை. அந்த உதவும் குணம் ஊராண்மை. பரிமேலழகர் இங்கே, படையிழந்து நின்ற இராவணனை ‘இன்று போய் நாளை வா’ என்று இராமன் அனுப்பியதை உதாரணம் காட்டுகிறார். போர்க்களச் சொல்லை மைதானத்துக்குக் கொண்டுவரலாமா என்றால், ஆடுபவரை ‘வீரர்’ என்று அழைக்கும்போதே கொண்டுவந்துவிட்டோம்.

ஆனால் சான்றிதழிலும் செய்தியிலும் ‘ஊராண்மை’ என்று போட்டால் ஊராட்சித் தலைவர் சமாச்சாரம் என்று நினைப்பார்கள். அன்றாடத்துக்கு ‘விளையாட்டுப் பண்பு’ போதும். மனப்பான்மை மனத்தோடு நின்றுவிடும். பண்பு நடத்தையில் தெரியும். கார்னெல் செய்தது போன்ற இடத்தில் ‘ஆட்ட நேர்மை’ இன்னும் பொருந்தும். மல்லரி செய்ததற்கு ஊராண்மையைவிடக் குறைந்த சொல்லை எழுத எனக்கு மனமில்லை; அடைப்பில் ‘பெருந்தன்மை’ என்று விளக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

எதிர்ச்சொல் அவ்வளவு சிக்கலில்லை. ‘அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் காண்டக்ட்’ என்று நடுவர் அறிவித்தால் கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் 15 கெஜம் தண்டனை. ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை வாங்கினால் வெளியேற்றம். ‘பண்பற்ற நடத்தை’ என்று எழுதினால் நம் பி.டி. மாஸ்டருக்கும் புரியும்.