ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டதா? அழுக்கு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

"அழுக்குதான் டாக்டர், எடுத்துவிட்டால் சரியாகிவிடும்." வலது காது அடைத்து 5 வாரம் கழித்து வந்த ஒருவர், உட்கார்ந்ததும் சொன்னது இது. உள்ளே பார்த்தால் துளி அழுக்கு இல்லை. செவிப்பறை பளபளவென்று இருக்கிறது, நாங்கள் அடிக்கும் வெளிச்சம் அதில் பட்டுத் தெரியும் சின்ன முக்கோணம்கூட அப்படியே இருக்கிறது. ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை) எடுத்தோம். அந்தக் காதின் கேட்கும் திறனில் பெரும்பகுதி போயிருந்தது. இந்த 5 வாரத்தில் விதவிதமான சொட்டு மருந்து விட்டிருக்கிறார், எண்ணெய் காய்ச்சி ஊற்றியிருக்கிறார், சளி மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். காது கேட்கிறதா என்று மட்டும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இதே கதையோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு வந்தது உட்காதில் ஏற்படும் திடீர்ச் செவித்திறன் இழப்பு. சோதனையில் அடுத்தடுத்த மூன்று ஒலி அதிர்வெண்களில் கேட்கும் திறன் 30 டெசிபலோ (ஒலி அளவின் அலகு) அதற்கு மேலோ, 72 மணி நேரத்துக்குள் குறைந்தால் அந்தப் பெயர் வைக்கிறோம். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். பலர் காலையில் எழுந்திருக்கும்போதுதான் கவனிக்கிறார்கள். இல்லாவிட்டால் போனை அந்தக் காதில் வைக்கும்போது. கூடவே இரைச்சல் இருக்கலாம், தலைசுற்றலும் சேர்ந்துகொள்ளலாம். வலி இருக்காது. வலி இல்லாததுதான் வினையே. வலித்திருந்தால் அன்றைக்கே கிளம்பி வந்திருப்பார்கள்.

இனி அந்த அழுக்கு விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

அடைப்பு என்பது ஓர் உணர்வு மட்டுமே. காதுக் குழாயைக் குறும்பி (நாம் அழுக்கு என்று சொல்வது இதைத்தான்) முழுதாக மூடினாலும், நடுக்காதில் நீர் கோத்தாலும், உட்காதில் கேட்கும் திறன் போனாலும் மூளைக்கு அது ஒரே மாதிரிதான் தெரியும்: 'காது அடைத்திருக்கிறது.' ஆகவே உணர்வை வைத்துக் காரணம் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. உள்ளே பார்க்க வேண்டும்.

காதுக் குழாயின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். அதில் வெளிப்புறத்து மூன்றில் ஒரு பங்கில்தான் குறும்பி சுரக்கிறது. குழாயின் தோல் உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், சுரந்தது தானாக வெளியே வந்துவிடும். செவிப்பறைக்கு அருகில் குறும்பி கிடந்தால், பெரும்பாலும் பட்ஸ் போட்டு யாரோ உள்ளே தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொன்று: குழாய் முக்கால்வாசி நிறைந்திருந்தாலும் காது நன்றாகவே கேட்கும். ஓர் இடுக்கு திறந்திருந்தால் போதும், ஒலி போய்விடும். முழுதாக மூடினால்தான் குறையும். குளித்த பிறகோ நீச்சலுக்குப் பிறகோ குறும்பி ஊறி உப்பி, இருந்த இடுக்கையும் அடைத்துவிடுவது உண்டு. அதனால் குறும்பியாலும் திடீரென்று அடைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் ஓர் ஓட்டோஸ்கோப்பை வைத்து அதைப் பார்த்துவிட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைத் தவிர்க்கத்தான் வாரக்கணக்கில் சொட்டு மருந்து விடுகிறீர்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாயை மூடியபடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அடைத்த காதில்தான் சத்தம் பெரிதாகக் கேட்கும். குறும்பியோ நீரோ அடைத்திருந்தாலும் அப்படித்தான்: முனகல் அடைத்த பக்கம் ஒதுங்கும். உட்காது பாதித்திருந்தால் நேர்மாறாக, நன்றாக இருக்கும் காதின் பக்கம் ஒதுங்கும். இப்போது விரலை எடுத்துவிட்டு முனகிப் பாருங்கள். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கக் கிளம்புங்கள். பிரச்சினை உள்ள காதிலேயே கேட்டாலும் இரண்டொரு நாளில் காட்டிவிடுங்கள். இந்தச் சோதனை மருத்துவரின் இடத்தை நிரப்பாது.

பொது மருத்துவம் பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் ஆடியோமீட்டர் இல்லாமல் இருக்கலாம். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்று மேசை டிராயரில் இருந்தால் போதும். தட்டி, நெற்றி நடுவில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேளுங்கள். குழாய் சுத்தமாக இருந்து, சத்தம் நல்ல காதுக்குப் போனால், சளி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் எழுதி ஒரு வாரம் கழித்து வரச் சொல்லாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே அனுப்பிவிடுங்கள்.

ஏன் இத்தனை அவசரம்? ஒரு காதின் காக்லியாவில், அதாவது உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் பகுதியில், ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் ஏறக்குறைய 15,000 இருக்கின்றன. அழிந்தால் மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் 2 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு நல்ல வாய்ப்பு. எவ்வளவு முன்னால் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மாத்திரையில் முன்னேற்றம் போதவில்லை என்றால், செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம். அதற்கான காலம் ஏறக்குறைய 6 வாரத்தோடு முடிந்துவிடுகிறது. எல்லோருக்கும் கேட்கும் திறன் திரும்பும் என்று உறுதி கொடுக்க முடியாது. ஆனால் காலம் கடந்து வந்தால் முயன்று பார்க்கக்கூட வழி இருக்காது.

சிலருக்கு மருந்தே இல்லாமல் சரியாகிவிடுவதும் உண்டு. 'எனக்கும் இப்படித்தான் இருந்தது, தானாகப் போய்விட்டது' என்று சொல்கிறவர்கள் இவர்கள்தான். அவர்கள் சொல்வது பொய் அல்ல. ஆனால் நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. வயதானவர்களிடம் 'வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டார் சொல்வதும் இதே ரகம். வயதால் வரும் கேளாமை இரண்டு காதிலும், வருடக்கணக்கில், மெதுவாக வரும். ஒரே நாளில் ஒரு காதில் வருவதற்கு வயதைக் காரணம் சொல்ல முடியாது.

பெரும்பாலானவர்களுக்கு இது ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆனாலும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வோம். சிறு பங்கினரிடம் செவி நரம்பில் கட்டி இருக்கக்கூடும். காது சரியாகிவிட்டது என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

செய்யக் கூடாதவை: காதுக்குள் பட்ஸ், ஹேர்பின், சாவி எதுவும் போகக் கூடாது. செவிப்பறை ஓட்டையாக இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லாமல் எதையும் ஊற்றக் கூடாது. இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டை நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சர்க்கரை எகிறும், ரத்த அழுத்தம் ஏறும், வயிற்றுப் புண் இருந்தால் ரத்தம் கசியலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையைத் தவிர்த்து, நேராகக் காது ஊசியே போடவும் வழியிருக்கிறது. காது கேட்காததோடு முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, நடக்க முடியாமல் தள்ளாடினாலோ அவசரப் பிரிவுக்குப் போங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

அப்புறம், தயவுசெய்து ஒன்று. அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போது வெறுமனே 'காது அடைப்பு' என்று சொல்லாதீர்கள். போனை எடுப்பவர் அடுத்த வாரத்தில் ஒரு நேரம் கொடுத்துவிடுவார். 'நேற்றிலிருந்து ஒரு காதில் திடீரென்று கேட்கவில்லை' என்று சொல்லுங்கள். அன்றைக்கோ மறுநாளோ எப்படியும் இடம் ஒதுக்குவார்கள். 6 வாரம் தாண்டிவிட்டதே, இனி எதற்கு என்று வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். எம்ஆர்ஐ ஸ்கேன் பாக்கி இருக்கிறது. கேட்காத பக்கத்து ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் கருவிகளும் இருக்கின்றன. இரைச்சலோடு வாழ்வதற்கும் பயிற்சி உண்டு.