டிராக்டர் ஹைட்ராலிக் ஆயிலும் ஃபில்டரும்: பம்ப் ஏன் கத்துகிறது?

லிஃப்ட் தயங்கித் தயங்கி ஏறுகிறது, தூக்கிய கலப்பை நடுங்குகிறது, பம்ப் பக்கமிருந்து கீச்சென்று சத்தம் வருகிறது என்றால், பம்பைக் கழற்றுவதற்கு முன் அதற்கு ஆயில் போகும் வழியைப் பாருங்கள்.

பம்ப் தன் உள்வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. ஆயிலை அங்கே தள்ளிவிடுவது வளிமண்டலம். அதன் அழுத்தம் சுமார் 1 பார்தான். வெளிவாயில் பக்கம் 150 முதல் 200 பார் வரை இருக்கும். அங்கே சின்னத் தடை இருந்தாலும் ஆயில் முட்டிக்கொண்டு போய்விடும். உறிஞ்சும் பக்கம் அப்படியில்லை. அங்குள்ள சல்லடை பாதி அடைத்தாலே பம்புக்குப் பற்றாக்குறைதான். குளிரில் கெட்டிப்பட்ட ஆயிலும் இதையே செய்யும்.

பற்றாக்குறை வந்தால் உள்வாயில் அழுத்தம் மேலும் சரிகிறது. கனிம ஆயிலில் கன அளவில் ஏறக்குறைய 9 சதவீதம் காற்று கரைந்திருக்கும். அது குமிழாகப் பிரிகிறது, ஆயிலின் ஆவியும் சேர்ந்துகொள்கிறது. இந்தக் குமிழ்கள் அழுத்தப் பக்கம் போனதும் நசுங்கி வெடித்து, உலோகப் பரப்பைப் பொடிப்பொடியாக அரிக்கின்றன. நாம் கேட்கும் கீச்சொலி அதுதான். அரித்த உலோகத்தூள் அடுத்து வால்வுகளுக்குப் போகும்.

இதே சத்தம் வெளிக்காற்று உள்ளே நுழைந்தாலும் வரும். உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கெட்டிருந்தால், எஞ்சின் ஓடும்போது ஆயில் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே கசிவைத் தேடிப் பயனில்லை. ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் நுரை தெரிந்தால் காற்று நுழைகிறது அல்லது ஆயில் மட்டம் குறைவு; நுரை இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் அடைப்பைச் சந்தேகிக்கலாம். வண்டியை நிறுத்தி வைத்தால் நுரை தணிந்துவிடும். இரவு முழுக்க நின்றும் பால் நிறம் மாறவில்லையென்றால் அது தண்ணீர். சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் படபடவென்று பொரியும்.

பல டிராக்டர்களில் கியர்பாக்ஸ், பின் அச்சு, ஆயிலில் மூழ்கிய பிரேக், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். நடுத்தர வண்டியில் 30 முதல் 60 லிட்டர் பிடிக்கும். அதனால் வெறும் ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றக் கூடாது. பிரேக் தட்டுகளுக்கான உராய்வுச் சேர்மம் அதில் இருக்காது. பிரேக் அதிர்ந்து கத்தும். கையேடு சொல்லும் யு.டி.டி.ஓ. வகையே வேண்டும், அதாவது டிராக்டரின் இந்த எல்லாப் பாகங்களுக்கும் பொதுவான ஆயில். மாற்றும் இடைவெளியையும் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்: ஆயிலுக்கு 1000 மணி நேரத்தை ஒட்டியும் ஃபில்டருக்கு அதைவிடச் சீக்கிரமும் இருப்பது வழக்கம்.

சமதளத்தில் நிறுத்தி, கருவியை இறக்கி, எஞ்சினை அணைத்து, லீவர்களை அசைத்து அழுத்தத்தை விடுங்கள். வேலை முடிந்து ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிப்பது நல்லது. மிதக்கும் அழுக்கும் சேர்ந்து வரும். வடிபிளக் ஒன்றோடு முடியாது, அச்சுக்கூடுகளின் அடியிலும் இருக்கலாம். பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இயல்பானது. விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால் எங்கோ கியர் பல்லோ பேரிங்கோ உடைகிறது.

கம்பிச் சல்லடையை டீசலில் கழுவி, உள்ளிருந்து வெளியே காற்றடித்து மறுபடி மாட்டலாம். துணியால் துடைத்தால் நூல் பம்புக்குள் போகும். காகித ஃபில்டரைக் கழுவவே வேண்டாம், புதிது போடுங்கள். பழைய ரப்பர் வளையம் கூட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் சீல் நிற்காது. புது வளையத்தில் ஆயில் தடவி, அது தொட்டபின் கையால் முக்கால் சுற்று போதும். ஸ்பேனர் வேண்டாம்.

ஊற்றியபின் எஞ்சினை மெதுவேகத்தில் சில நிமிடம் ஓடவிட்டு, லிஃப்டைச் சுமையின்றி ஏற்றி இறக்குங்கள். ஏறவில்லையென்றால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். வறண்ட பம்ப் சீக்கிரம் தேய்ந்துவிடும். பிறகு அணைத்து, லிஃப்ட் கைகளை இறக்கி, மட்டம் பார்த்து நிரப்புங்கள். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

டிப்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதன் சிலிண்டரில் தங்கிய பழைய ஆயில், மாட்டிய முதல் நாளே புது ஆயிலோடு கலந்துவிடும். சிலிண்டரையும் வடித்து, கப்ளிங் முனைகளைத் துடைத்த பிறகே இணையுங்கள்.