கல்லை விடுங்கள், காரையைக் கேளுங்கள்

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். எந்தச் சுவரின் முன் நின்றாலும், "சார், இதுக்கு என்ன வயசிருக்கும்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கல்லைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஒரு நம்பிக்கை. கல்லுக்குப் பல கோடி வயது, அதை வைத்துச் சுவரின் வயதைச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, இடிந்த கட்டடத்தின் கல்லைத்தான் அடுத்த கட்டடத்துக்குத் தூக்கிப் போவார்கள். கற்களுக்கு நடுவில் இருந்து அவற்றை ஒட்டும் சுண்ணாம்பும் மணலும் குழைத்த காரை அப்படியில்லை. குழைத்தால் பூசியாக வேண்டும். பெயர்த்தெடுத்து இன்னொரு சுவரில் ஒட்டவும் முடியாது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஜெருசலேமில் இருக்கிறது. திருக்கல்லறைத் தேவாலயத்தின் வட்ட மண்டபத்துக்குள் எடிக்யூல் என்ற சிற்றாலயம் உண்டு. இயேசுவின் கல்லறை என்று மரபு சொல்லும் இடத்தை மூடி நிற்பது அதுதான். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில், 326 வாக்கில், அந்த இடத்தை அடையாளம் கண்டு ஆலயம் எழுப்பினார்கள் என்பது வரலாறு. 1009இல் எகிப்தை ஆண்ட கலீபா அல்-ஹக்கிமின் ஆணைப்படி தேவாலயம் இடிக்கப்பட்டது. 11ஆம் நூற்றாண்டில் மறுபடி கட்டினார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஒரு புதுப்பிப்பு. 1808இல் தீ விபத்து. இன்று நாம் பார்க்கும் வெளிக்கூடு 1810இல் முடிந்தது. இவ்வளவுக்கும் பிறகு உள்ளே நான்காம் நூற்றாண்டு மிச்சம் இருக்குமா? கல்லறையைச் சுற்றி அதுவரை கிடைத்த கட்டடச் சான்றுகள் சிலுவைப் போர்க் காலத்துக்கு, அதாவது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு, முன்னே போகவில்லை. ஆகவே சந்தேகம் நியாயமானதுதான்.

ஆராய்ச்சிக்காக யாரும் அதைத் திறக்கவில்லை என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம். 1927 நிலநடுக்கத்தில் அடிவாங்கிய கூடு, 1947இல் ஆங்கிலேயர் மாட்டிவிட்ட இரும்புச் சட்டத்தின் தயவில் நின்றுகொண்டிருந்தது. 2016இல் ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அந்தோனியா மொரோபூலு தலைமையில் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். சுவருக்குள் காரைக் குழம்பைச் செலுத்த வேண்டும், அது கல்லறைக்குள் கசிந்துவிடக் கூடாது. அதனால் அக்டோபரில் மேல் பளிங்கை நகர்த்தினார்கள். கிடைத்த அவகாசம் 60 மணி நேரம். அடியில் சிலுவை செதுக்கிய, உடைந்த சாம்பல் நிறப் பளிங்குப் பலகை ஒன்று. அதற்கும் கீழே, உடலைக் கிடத்தியதாகச் சொல்லும் சுண்ணாம்புக்கல் பாறைப் படுக்கை. பலகைக்கும் பாறைக்கும் நடுவே இருந்த காரையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள்.

வயது பார்த்த விதத்தைச் சொல்கிறேன். காரையில் மணல் இருக்கிறது, மணலில் குவார்ட்ஸ் துகள். சுற்றியுள்ள பொருள்களில் இயற்கையாகவே இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் வெளிவிடும் கதிர்வீச்சை இந்தத் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்து வைக்கும். வெயில் பட்டால் அத்தனையும் கரைந்து கணக்கு பூஜ்யமாகிவிடும். கொத்தனார் மணலைக் கொட்டிப் புரட்டிச் சுண்ணாம்போடு குழைக்கும்போது வெயில் படுகிறது. சுவருக்குள் போனதும் இருட்டு, சேமிப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஆய்வகத்தில் ஒளியைப் பாய்ச்சினால் சேர்த்ததெல்லாம் மினுக்கமாக வெளிவரும். சேர்ந்த அளவை, ஆண்டுக்கு எவ்வளவு சேரும் என்பதால் வகுத்தால் வயது கிடைக்கும். இதற்கு ஒளித்தூண்டல் ஒளிர்வு முறை என்று பெயர். குழைத்தவர் மணலைச் சரியாகப் புரட்டவில்லை என்றால்? வெயில் காணாத துகள்கள் வயதைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் சில சமயம் ஒவ்வொரு துகளாக அளக்கிறார்கள்.

கார்பன் 14 வழியும் உண்டு. காற்றின் கார்பனில் சிறிதளவு இருக்கும் இந்த வகை, காலம் போகப் போகச் சிதைந்து குறையும். மிச்சம் எவ்வளவு என்று பார்த்து வயதைச் சொல்வார்கள். சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி வாக்கில் சுட்டால் பழைய கரியமில வாயு போய்விடும். நீற்றிப் பூசிய பிறகு, காரை காற்றிலிருந்து புதிதாக இழுத்துக்கொண்டு இறுகும். அந்தப் புது கார்பனைத்தான் தேடுகிறோம். சூளையில் சரியாக வேகாத ஒரு கல்துண்டு கலந்திருந்தாலும் போதும், சுவர் கிழடாகிவிடும்!

சரி, ஜெருசலேமுக்கு வருவோம். பலகைக்கு அடியில் இருந்த காரைக்கு இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியே அளந்து சொன்ன ஆண்டு 345 வாக்கில். பாறையில் குடைந்த அந்தக் கல்லறைக் குகையின் தெற்குச் சுவர்க் காரையில் 335, 1570 என்று இரண்டு காலம். நுழைவாயில் காரை 11ஆம் நூற்றாண்டு. புத்தகத்தில் இருந்த வரலாறு சுவரிலும் அதே வரிசையில் இருந்தது. இவற்றுக்கெல்லாம் பிழை வரம்பு உண்டு. ஆகவே 326க்கும் 345க்கும் நடுவே 19 வருடம் எங்கே போனது என்று சண்டை பிடிக்க வேண்டாம். அப்புறம், அது யாருடைய கல்லறை என்பதையும் காரை சொல்லாது. பலகையை எப்போது ஒட்டினார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். செய்தித் தலைப்புகள் இந்த இரண்டையும் குழப்பிவிட்டன.

இதையெல்லாம் எழுதக் காரணம், நம் ஆட்கள் பழுதுபார்க்கும் முறை. முதல் நாளே கரண்டியும் உளியுமாக இறங்கிப் பழைய காரையைச் சுரண்டி எறிந்துவிட்டு, சிமெண்டை அடைத்துவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் ஆகாது என்பது தனிக் கதை. சுரண்டுவதற்கு முன் என்னைப் போன்ற யாரையாவது ஒரு நாள் கூப்பிடுங்கள். மேல்பூச்சு உதவாது, வெயில் பட்டிருக்கும். சுவரின் ஆழத்திலிருந்து, கறுப்புத் துணி மூடிய இருட்டில், சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். எந்தச் சுவர், எந்த உயரம் என்று குறிப்பும் படமும் அவசியம். எல்லா மாதிரியையும் உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை, பத்திரமாக இருந்தால் போதும்.

ஒரு சிறு கிறிஸ்தவப் பங்கின் பழைய சிற்றாலயத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. "எல்லாம் உளுத்த காரை சார், ஒரு பொட்டு விடாம எடுத்தாச்சு" என்று கொத்தனார் பெருமையோடு சொன்னார். எடுத்ததையெல்லாம் வாசல் பள்ளத்தில் கொட்டி மிதித்திருந்தார்கள். பீடத்துக்குப் பின்னால், கனமான மர அலமாரியை நகர்த்த முடியாமல் விட்ட ஒரு முழம் சுவர் மட்டும் தப்பியிருந்தது. அலமாரியை அப்படியே விட்டுவிடச் சொல்லிவிட்டு வந்தேன்.