ஸார்ட்: வகையா, வரிசையா?

மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி மண்டிக்கு வந்திறங்கும் காய்களில் பெங்களூராவையும் செந்தூராவையும் அல்போன்சாவையும் தனித்தனிக் குவியலாக்குவது ஒரு வேலை. குவித்தவற்றின் எடையையும் விலையையும் பதிவேட்டில் மேலிருந்து கீழாக ஏற்றஇறக்கம் பார்த்து எழுதுவது மற்றொரு வேலை. முதல் வேலையைத் 'தரம் பிரிப்பது' என்று நம் மக்கள் சொல்கிறார்கள். இரண்டாவதை அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. ஆனால் ஆங்கிலத்தின் 'ஸார்ட்' இவ்விரண்டையும் ஒருங்கே சுமக்கிறது. குறிச்சொற்களிட்டு எழுதப்படும் எக்ஸ்எம்எல் தரவை வேறு வடிவுக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியைத் தமிழில் கற்பிக்கும்போது எழும் குழப்பத்தின் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது.

அச்சொல்லின் வேர் இலத்தீனத்தின் 'ஸோர்ஸ்'. அதன் பொருள் திருவுளச்சீட்டு. நம் கல்வெட்டுகளில் வரும் குடவோலையை ஒத்தது. சீட்டில் விழுந்தது ஒருவனுடைய பங்காயிற்று, பங்கு கூறாயிற்று, கூறு பழைய பிரெஞ்சின் வழியே ஆங்கிலத்துக்கு வந்தபோது வகையாயிற்று. 'வரிசை' என்ற பொருள் அதற்குப் பின்னர் ஏறியது. இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டன என்பதைத் துளையிட்ட அட்டைகளில் பதித்த தரவைக் கையாண்ட பழைய துளையட்டை இயந்திரங்கள் தெளிவாகக் காட்டுகின்றன: ஓர் அட்டைக்கட்டை ஒன்றின் இடத்து இலக்கத்தின்படி பத்துப் பெட்டிகளில் பிரித்துப் போட்டு, எடுத்து அடுக்கி, மீண்டும் பத்தின் இடத்து இலக்கத்தின்படி பிரித்து அடுக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் நடந்தது வகை பிரித்தலே என்றாலும், இறுதியில் கையில் இருப்பது ஒழுங்கான எண்வரிசை.

தமிழில் இதற்கு 'வகைப்படுத்தல்' என்றும் 'வரிசையாக்கம்' என்றும் இரு வழக்குகள் உள்ளன. எக்ஸ்எஸ்எல்டியைப் பொறுத்தவரை முன்னது தவறு என்றே கருதுகிறேன். 1999 நவம்பர் 16 அன்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக வெளியிட்ட முதற் பதிப்பிலேயே ஸார்ட் கட்டளை இருந்தது. அது உறுப்புகளை முன்பின்னாக நிறுத்துமேயன்றி எதையும் பிரிப்பதில்லை. பிரித்துக் குழுவாக்குவதற்கென்றே தனிக் கட்டளை 2007-இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. 'வகைப்படுத்தல்' என்ற சொல்லை ஸார்ட்டுக்கே செலவழித்துவிட்டால் குழுவாக்கும் கட்டளைக்கு என்ன பெயர் வைப்பது?

'வரிசை'யோ இந்த வேலைக்கு நன்கு பொருந்தும் பழஞ்சொல். இன்று அது நிரையையும், திருமண வீட்டில் சீரையும் குறித்தாலும், சங்கப் பாட்டில் தகுதியையும் குறித்தது. புறநானூற்றின் 121-ஆம் பாட்டில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம், பெரிதும் கொடுப்பது எளிது, வரிசை அறிதலே அரிது என்கிறார். யாரை எந்த அளவுகோலால் முன்வைப்பது என்னும் கேள்வி அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

எதைப் பார்த்து வரிசைப்படுத்துவது என்பதைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வதைக் குறிக்கும் 'நிபந்தனை வரிசையாக்கம்' என்ற தொடரை இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அதைக் கேட்பவர், 'இப்படியானால் வரிசைப்படுத்து, இல்லையேல் விடு' என்று பொருள் கொண்டு, ஸார்ட் கட்டளையை 'இஃப்' கட்டளைக்குள் இட முயல்வார். மொழி அதை ஏற்காது, ஏனெனில் 'ஃபார்-ஈச்' போன்ற சுற்றுக் கட்டளைக்குள் ஸார்ட் நேரடியாக, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டும் என்பது விதி. அடுத்ததாக, 'விலை' என்ற பெயரை, மதிப்பைத் தாங்கி நிற்கும் ஒரு மாறியில் வைத்து, அந்த மாறியையே, எதைக் கொண்டு வரிசைப்படுத்துவது என்று ஸார்ட்டுக்குச் சொல்லும் 'செலக்ட்' பண்பில் கொடுத்துப் பார்ப்பார். பிழை எதுவும் வராது, ஆனால் வரிசையும் மாறாது. எல்லாப் பதிவுகளுக்கும் 'விலை' என்னும் ஒரே சொல் அளவுகோலாகிவிட்டதால், அவை மூல ஆவணத்தில் இருந்தபடியே வெளிவரும். செய்ய வேண்டியது, பதிவின் உள்ளுறுப்புகளில் எதன் பெயர் மாறியில் உள்ள பெயரோடு ஒத்திருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும்படி 'செலக்ட்' கோவையை எழுதுவது. ஏறுமுகமா இறங்குமுகமா என்பதையும், எண்ணா எழுத்தா என்பதையும் நெளிவடைப்புக்குள் மாறியாகவே தரலாம். எண் என்று சொல்ல மறந்தால் டன் 12000 ரூபாய் 9500-க்கு முன்னால் போய் நிற்கும். எழுத்தாகப் பார்த்தால் 1 என்பது 9-க்கு முந்தியதல்லவா!

ஆகவே நிபந்தனை வரிசையாக்கத்தின் மேல் விழுவதில்லை, அதன் அளவுகோலின் மேல் விழுகிறது. அந்த அளவுகோலை ஆங்கிலத்தில் குறிக்கும் 'கீ' என்பதைச் 'சாவி' என்று பெயர்ப்பதும் இதனால்தான் எனக்கு உவப்பில்லை. இங்கே திறப்பதற்குப் பூட்டு எதுவும் இல்லை. 'வரிசை அளவுகோல்' என்றும், முழுச் செயலை 'அளவுகோல் மாறும் வரிசையாக்கம்' என்றும் எழுதினால், சற்று நீண்டாலும், படிப்பவர் கட்டளையைச் சரியான இடத்தில் வைப்பார்.

அளவுகோல் தமிழ்ச் சொல்லாக இருக்கும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் தரும் யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வை அடுத்தும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னும் இடப்பட்டுள்ளன. நம் நெடுங்கணக்கின் முறை அதுவன்று. குறியெண்ணை மட்டும் பார்க்கும் செயலி, புன்னையைப் புளிக்கு முன்பும் துளசியைத் துவரைக்கு முன்பும் அடுக்கிவிடும். முதற் பதிப்பில் 'லாங்' பண்பால் மொழியைக் குறிப்பிடலாம், ஆனால் பலன் செயலியைப் பொறுத்தது. இரண்டாம் பதிப்பு முதல் 'கொலேஷன்' என்னும் பண்பால் ஒப்பீட்டு முறையையே சுட்டலாம். 'கொலேஷன்' என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. 'அகரவரிசை முறை' என்றாலே போதும்.