ஹங்கேரிப் பொற்காசு: பெயரைப் படித்து ஏமாறாதீர்கள்

பழங்காசுகளை மதிப்பிடுவது என் தொழில். இடைக்கால ஹங்கேரியின் பொற்காசு கைக்கு வந்தால், கூடவே பெரும்பாலும் ஒரு சீட்டும் வரும்: 'மன்னர் லாஸ்லோ, 11ஆம் நூற்றாண்டு.' காசு நல்லதாகவே இருக்கலாம், சீட்டு தவறு. லாஸ்லோ 1077 முதல் 1095 வரை ஆண்டவர். அப்போது அங்கே அடித்ததெல்லாம் வெள்ளிக்காசுதான். விற்பவர் பொய் சொல்கிறார் என்றும் இல்லை. காசில் அந்தப் பெயர்தானே இருக்கிறது!

ஹங்கேரியில் பொற்காசை முறையாக அடிக்கத் தொடங்கியவர் முதலாம் கார்லோய். ஆண்டு 1325. ஃபுளோரன்ஸ் நகரத்தின் காசை அப்படியே பார்த்து அடித்தார்கள்: ஒரு பக்கம் லில்லி மலர், மறுபக்கம் திருமுழுக்கு யோவான். கையில் தங்கச் சுரங்கம் இருந்ததால் துணிச்சலுக்குக் குறைவில்லை. இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கும் கிரெம்னித்சாவின் நாணயச்சாலை 1328இல் தோன்றியது. இன்றும் அங்கே நாணயம் அடிக்கிறார்கள்.

கார்லோயின் மகன் லாயோஷ் அரசாண்டபோது (1342–1382) யோவான் இறங்கினார், லாஸ்லோ ஏறினார். இதில் அரசியல் உண்டு என்பது என் கருத்து. பழைய ஆர்ப்பாட் அரசமரபு 1301இல் முடிந்துவிட்டது. கார்லோயோ நேப்பிள்ஸிலிருந்து வந்தவர். வெளியிலிருந்து வந்த குடும்பத்துக்கு உள்ளூர்ப் பெருமை தேவைப்படாமல் இருக்குமா? 1192இல் புனிதராக அறிவிக்கப்பட்ட போர்வீர மன்னரைவிடப் பொருத்தமானவர் யார்?

அதனால்தான் இந்தக் காசில் இரண்டு அரசர்கள். ஒரு கையில் போர்க்கோடரி, மறு கையில் சிலுவை வைத்த உருண்டை என்று நிற்பவர் புனித லாஸ்லோ. காசு அடிக்கப்பட்டபோது அவர் மறைந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆண்டுகொண்டிருந்தவர் யார் என்று அறிய, காசைத் திருப்பி மரபுச்சின்னம் இருக்கும் பக்கத்தின் ஓரத்தைப் படிக்க வேண்டும். மாத்தியாஷ் (1458–1490) காசுகளில், அலகில் மோதிரம் கவ்விய அண்டங்காக்கை அவர் குடும்பச் சின்னம். அவருடைய பிற்காலக் காசுகளில் அன்னை மரியாள் குழந்தையோடு ஒரு பக்கம் வந்து அமர்ந்தார். லாஸ்லோ மட்டும் தன் இடத்தை விடவில்லை.

குழப்பத்தின் உச்சம் 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஐந்தாம் லாஸ்லோ. அவர் காசில் இரு பக்கமும், லாஸ்லோ என்பதன் லத்தீன் வடிவமான 'லாடிஸ்லாவஸ்' என்றே வரும்! 1490க்குப் பின் வந்த இரண்டாம் உலாஸ்லோவின் லத்தீன் பெயரும் ஏறத்தாழ அதேதான். பெயருக்கு முன்னால் தனியே ஒரு 'எஸ்' நின்றால் அது புனிதர். இந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் நூற்றாண்டுக் கணக்கில் தவறுகிறார்கள்.

இனி போலி. நல்ல காசு சுமார் மூன்றரை கிராம், ஏறத்தாழ சுத்தத் தங்கம். நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் எடை 0.18 கிராம் அளவே குறைய வேண்டும். 0.3 குறைந்தால் உள்ளே வேறு உலோகம். நகைக்கடைத் தராசு துல்லியமாக இருந்தால் இதை அங்கேயே பார்த்துவிடலாம். ஆனால் தங்கம் என்று தெரிந்ததும் நிம்மதி அடையாதீர்கள். நல்ல தங்கத்திலேயே போலி செய்கிறவர்கள் உண்டு. உருப்பெருக்கியை எடுங்கள். சுத்தியலால் அடித்த காசில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். வட்டம் சற்றுக் கோணலாக இருப்பதும் இயல்பு. வார்த்த காசிலோ எழுத்து சோப்பு கரைந்ததுபோல மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். ஓரத்தைச் சுற்றி அரம் ஓடிய தடம் இருந்தால் வாங்காதீர்கள்.

பதக்கமாகக் கோத்து அணிந்த காசுகளும் வருகின்றன. மேல்விளிம்பில் வளையம் பற்றவைத்த மேடு அல்லது அடைத்த துளை இருக்கும். அவை போலி அல்ல, ஆனால் விலை குறையும். அதைச் சொல்லாமல் முழு விலை கேட்பார்கள். மெருகேற்றிய காசுக்கும் இதே கதை. அழுக்காக இருந்தால் அப்படியே கொண்டுவாருங்கள். பற்பொடி போட்டுத் தேய்த்தால் முதலில் போவது லாஸ்லோவின் முகம்தான்.